ஸ்போர்ட்ஸ் காருக்குக் கோடை டயர்: அளவு முதலில், பெயர் கடைசியில்

டயர் மாற்றப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அளவு, தாங்கும் பாரம், வேக எழுத்து, நாம் ஓட்டும் விதம் ஆகிய நான்கும் முடிவான பிறகு பட்டியலில் மூன்று நான்கு பெயர்கள்தான் மிஞ்சும். அவற்றில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் வராது. வரிசையைத் தலைகீழாகப் போட்டால்தான் நாலு டயரையும் பூட்டிவிட்டுக் கையைப் பிசைய வேண்டி வரும்.

1. இது உங்களுக்கு வேண்டிய டயர்தானா?

கோடை டயர் என்றால் வெயிலுக்கு மட்டுமானது என்று நினைக்காதீர்கள். கதகதப்பான நாளில் மழை பெய்தாலும் அதுதான் நன்றாகப் பிடிக்கும். அதற்கு ஆகாதது குளிர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க அந்த ரப்பர் இறுகிக்கொண்டே போகும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் நீளும். உறையும் குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டையாக இறுகிய ரப்பரை வளைத்தால் பட்டன்களில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், வெடிப்பு விழும். அந்தக் குளிரில் காரைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும், விழுந்துவிடும். இந்த வெடிப்புக்கு வாரன்ட்டி கேட்டுப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஆகவே ஆண்டில் சில மாதங்கள் 7 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் இருந்தால், குளிர்காலத்துக்கான இரண்டாவது செட் டயரின் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். அந்த இரண்டாவது செட்டைத் தனி ரிம்மோடு வாங்குவது நல்லது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் போகும், டயரின் விளிம்பும் கெடும்.

2. எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் டயர், பின் டயர் அளவுகளும், குளிர்ந்த நிலையில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் அதில் இருக்கும். அடுத்து உரிமையாளர் கையேடு: அனுமதிக்கப்பட்ட மாற்று அளவுகள், வீல் நட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது என்பது. மூன்றாவதாக, இப்போது மாட்டியிருக்கும் நாலு டயரின் பக்கச்சுவர்களையும் போட்டோ எடுங்கள். நாலையும்தான், ஒன்றை மட்டும் அல்ல.

காரணம் இருக்கிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் ஜோடி ஓர் அளவு, பின் ஜோடி இன்னோர் அளவு. ஒரு சக்கரத்தைப் பார்த்து நாலுக்கும் ஆர்டர் கொடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காராக இருந்தால் முந்தைய உரிமையாளர் ரிம்மையே மாற்றியிருக்கலாம். ஸ்டிக்கரும் டயரும் ஒத்துப்போகவில்லை என்றால் ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் அகலத்தையும் ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைக் காரில் பொருத்தும் முகம் தள்ளியிருக்கும் அளவு) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் இல்லாத அளவுக்கு மாறுவதாக இருந்தால் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் வாகனப் பதிவு விதியிலும் அது செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்ஷேவுக்கு என்0, என்1 போன்றவை, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. அந்தக் காருக்கென்றே தயாரிப்பாளர் சொன்னபடி ரப்பர் கலவையையோ கட்டமைப்பையோ மாற்றிச் செய்த டயர் என்று இதற்கு அர்த்தம். அதே பெயருள்ள சாதாரண டயரும் கடையில் கிடைக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குறியுள்ளது முன்னாலும் இல்லாதது பின்னாலும் என்று கலந்து போடாதீர்கள். குறி இல்லாத டயரை நாலுக்கும் போடுவது ஆபத்து இல்லை. ஆனால் கார் இன்னும் வாரன்ட்டியில் இருந்தால் சேவை மையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

3. பக்கச்சுவரை வாசிப்பது

245/40 இசட்ஆர்18 97ஒய் எக்ஸ்எல் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

245 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் 40 சதவீதம். அதாவது 98 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இசட் என்பது மணிக்கு 240 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்துக்கானது என்பதைக் காட்டும் பொதுக் குறி.

97 என்பது பாரக் குறியீடு: ஒரு டயர் 730 கிலோ தாங்கும். எக்ஸ்எல் என்பது கூடுதல் பாரம் தாங்கும்படி செய்த டயர்; இதே அளவில் எக்ஸ்எல் இல்லாத டயரில் 93 என்று இருக்கும். அது 650 கிலோ. இங்கே பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்எல் டயர் அந்த 730 கிலோவைத் தாங்குவது 2.9 பார் காற்றில் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு). சாதாரண டயர் தன் 650 கிலோவைத் தாங்குவது 2.5 பாரில். எக்ஸ்எல் வாங்கிவிட்டோம் என்பதற்காகவே பாரம் கூடிவிடாது, அதற்கான காற்றும் உள்ளே இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள பாரக் குறியீட்டுக்குக் குறைவாக வாங்கவே வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

கடைசி எழுத்து வேகம். வி என்றால் மணிக்கு 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300. பாரக் குறியீட்டையும் ஒய்யையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 300-ஐத் தாண்டியும் போகலாம். "நான் என்ன 270-லா ஓட்டப்போகிறேன்?" என்று கேட்டு ஓர் எழுத்து கீழே இறங்குகிறவர்கள் உண்டு. வேக எழுத்து உச்ச வேகத்தை மட்டும் சொல்வதில்லை. வெப்பத்தைத் தாங்கும் கட்டமைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. எழுத்து இறங்கினால் பக்கச்சுவர் மெத்தென்று ஆகி, ஸ்டியரிங் திருப்பியதும் கிடைக்கிற பதிலும் மந்தமாகலாம்.

4. அளவை மாற்ற ஆசையிருந்தால்

ஆசையில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். பெரும்பாலோருக்குத் தொழிற்சாலை அளவே சரி.

மாற்றுவதாக இருந்தால் கணக்கு இதுதான்: அகலத்தை உயரச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதைக் கூட்டுங்கள். 245/40-18க்கு 98 + 98 + 457.2 = 653.2 மி.மீ. மொத்த விட்டம். 19 அங்குலத்துக்குப் போக வேண்டுமா? 245/35-19 என்றால் 654.1. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, பொருந்தும். அதே 19-இல் 255/40 என்று எடுத்தால் 686.6 வரும்; ஐந்து சதவீதத்துக்கும் மேல் பெரிது. சக்கர வளைவில் உரசும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். மூன்று சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நடைமுறை வழக்கம்.

நாலு சக்கர இயக்கக் காரில் இது இன்னும் கறார். முன் டயர் சுற்றளவுக்கும் பின் டயர் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் பிசகினால் முன்னுக்கும் பின்னுக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கும் கிளட்சோ டிஃபரென்ஷியலோ ஓயாமல் வேலை செய்து சூடேறும். எத்தனை மி.மீ. பட்டன் வித்தியாசம் வரை அனுமதி என்று கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் நாலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயர் மிச்சம் பிடிக்கப் போய் கியர்பாக்ஸ் பக்கம் செலவு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அகலமான டயர் என்றால் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மைதான். 245/40-18க்கு ஏற்ற ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பலூன்போலப் பிதுங்கும். வளைவில் முதலில் டயர் சாயும், அப்புறம்தான் கார் திரும்பும். அதோடு, அகலம் கூடக் கூட தேங்கிய தண்ணீரில் மிதக்கும் அபாயமும் கூடும். எழுதியிருக்கும் 245-ம் ஓர் அளவீட்டு ரிம்மில் எடுத்ததுதான். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் சுமார் 5 மி.மீ. விரியும். ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் அகலத்தில் வேறுபடுவதும் சாதாரணம். சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடம்தான் இருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன் அந்த மாடலின் உண்மை அகலத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள்.

5. எந்த வகை?

மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தினமும் ஓடும் காருக்கானது. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், மழையில் நம்பலாம். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6 இந்த வரிசை.

இரண்டாவது, சாலையில் கிடைக்கும் உச்சப் பிடிப்பு. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்றவை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும், ஆண்டுக்கு ஓரிரு முறை பந்தய டிராக்கில் இறங்குகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது, டிராக்குக்காகப் பிறந்து சாலைக்கும் அனுமதி பெற்றவை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்றவை. சூடேறிய பிறகு ஒட்டிக்கொள்ளும். ஆனால் காலையில் ஈரச் சாலையில் வெளியே எடுக்கும்போது அதே டயர் உங்களைப் பயமுறுத்தும். பட்டன் ஆழம் குறைவு, கோடுகளும் குறைவு, தண்ணீர் வெளியேற வழியும் குறைவு. டிராக் நாளுக்குக் காரை ஓட்டிக்கொண்டே போய், மழையில் ஓட்டிக்கொண்டே திரும்புகிறவர் இந்த வகையைத் தொடாமலிருப்பது நல்லது.

ரன்ஃபிளாட் டயரோடு (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) வந்த கார் என்றால் இன்னொரு முடிவும் உண்டு. சாதாரண டயருக்கு மாறினால் பக்கச்சுவரின் விறைப்பு குறைந்து ஓட்டம் சுகமாகும், எடையும் குறையும். ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் ஆனால் காற்றடிக்கும் பம்பும் சீலன்ட் பாட்டிலும் பெட்டியில் இருக்க வேண்டும். அவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

6. லேபிளில் எதை நம்பலாம்?

ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்பு ஏ முதல் இ வரை. ஈரத் தரையில் மணிக்கு 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்குக் குறைய எடுக்கும் தூரத்தை வைத்து அதைக் கணிக்கிறார்கள். நேர்கோட்டு பிரேக் மட்டும்தான். வளைவில் பிடிப்பு, தேங்கிய தண்ணீரில் மிதப்பது, தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த எழுத்தில் இல்லை.

அமெரிக்க முறையில் ட்ரெட்வேர் எண், அதாவது தேய்மான எண், வரும்: 200, 300, 400 என்று. எண் பெரிதானால் ஆயுள் அதிகம் என்பது கணக்கு. ஆனால் எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே; ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட உதவாது. 200-இல் இவ்வளவு டயர்கள் குவிந்து கிடப்பதற்கும் காரணம் உண்டு: பல அமெச்சூர் பந்தய விதிகள் 200-க்குக் குறையாத டயரைக் கேட்கின்றன. எண்ணைப் பார்த்து விதி வந்ததுபோய், விதியைப் பார்த்து எண் வருகிறது.

7. செலவு

டயர் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். கழற்றி மாட்டும் கூலி, பேலன்சிங், புது வால்வு அல்லது காற்றழுத்த சென்சாரின் சீல் கிட், பழைய டயரை அகற்றும் கட்டணம், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரசீதில் விலை கேளுங்கள். சென்சார் பேட்டரியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு. கார் பழையதென்றால் டயர் கழன்றிருக்கும்போதே சென்சாரையும் மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதற்காக மட்டும் டயரைக் கழற்றினால் கூலி இரண்டு முறை.

மலிவு எது என்பதை விலையை வைத்துச் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரை வைத்துச் சொல்லுங்கள். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை ஓட விடுகிறது. மழையில் ஓட்டும் அகல டயருக்கு 3 மி.மீ. வந்ததும் மாற்றுவது விவேகம். முதல் டயர் விலை 100, பட்டன் ஆழம் 7.5 மி.மீ. இரண்டாவது டயர் விலை 80, ஆழம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் உபயோகத்துக்கு 4.5 மி.மீ. இருக்கிறது, மில்லிமீட்டருக்கு 22 விழுகிறது. இரண்டாவதில் 3 மி.மீ.தான், மில்லிமீட்டருக்கு 27. மென்மையான கலவையாக இருந்தால் அந்த 3 மி.மீ.யும் இன்னும் சீக்கிரம் போய்விடும். பின்சக்கர இயக்கக் காரில் பின் ஜோடி முன் ஜோடியைவிட வேகமாகத் தேயும். முன்பின் அளவு வேறாக இருந்தால் இடம் மாற்றிப் போடவும் வழியில்லை. ஆகவே பட்ஜெட்டை நாலு டயர் என்று போடாமல், பின்னால் ஒரு ஜோடி கூடுதலாகப் போட்டுப் பாருங்கள்.

8. ஆர்டரும் தேதியும்

பருவம் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் கடையில் நிற்பார்கள். அபூர்வ அளவுகள் தீர்ந்திருக்கும். ஒரு மாதம் முன்னதாக ஆர்டர் கொடுங்கள். முன்னும் பின்னும் கையிருப்பில் இருப்பதை உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். பின் ஜோடி வந்து முன் ஜோடி மாதக்கணக்கில் வராமல் போவதும் உண்டு.

டயர் வந்ததும் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள்; தயாரித்த வாரமும் ஆண்டும் அவை. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓராண்டு பழையதாக, நிழலில் சரியாக வைத்திருந்ததாக இருந்தால் கவலை வேண்டாம். மூன்று நாலு ஆண்டு என்றால் திருப்பி அனுப்புங்கள். ஒரு பொறி: இந்த நாலு இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அது உள்பக்கமாக அமைந்துவிட்டால் மாட்டிய பிறகு கண்ணுக்கே தெரியாது. மாட்டிய டயரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். அதனால் ரிம்மில் ஏறுவதற்கு முன் நாலையும் போட்டோ எடுத்து, அந்த எண்களை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. மாட்டும் நாள்

முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். கவனிக்க வேண்டிய இடங்கள் சில.

பழைய டயரின் விளிம்பை மெஷின் அழுத்திப் பிரிக்கும்போது வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது, சென்சார் நொறுங்கும். புது டயரில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று எழுதியிருந்தால் "வெளி" என்பது வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். காற்று ஏறும்போது இரண்டு முறை "டப்" என்று கேட்கும். இரண்டு விளிம்புகளும் ரிம்மில் உட்கார்ந்த சத்தம் அது. பிறகு ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் எத்தனை பேலன்சிங் செய்தாலும் அதிர்வு போகாது.

நட்டுகளை ஏர் கன்னால் முடித்துவிட விடாதீர்கள். டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக, கையேட்டில் உள்ள எண்ணுக்கு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

அலைன்மென்ட்டை அன்றே முடியுங்கள்; முன், பின் அளவீடுகள் உள்ள அச்சுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு, மேற்பகுதி உள்நோக்கி இருப்பது வழக்கம், அதனால் உள் விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேயும். கூடவே டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருந்தால் அந்த விளிம்பு சில ஆயிரம் கி.மீ.யில் மொட்டையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசுபோலவே இருக்கும். மாதம் ஒரு முறை உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

10. முதல் 300 கி.மீ.

அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய வழுக்குப் பூச்சு புது டயரின் மேல் மிச்சமிருக்கும். 300 கி.மீ. வரை நிதானமாக ஓட்டுங்கள், ஈரத்தில் இன்னும் நிதானமாக. முதல் நாளில் முரட்டுத்தனமாக ஆக்சிலரேட்டரை மிதிக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு: மாட்டும்போது பூசிய சோப்புக் கலவை காய்வதற்குள் மிதித்தால் ரிம்முக்குள் டயர் வழுக்கிச் சுழலும், செய்த பேலன்சிங் வீணாகும். வால்வுக்கு நேராகப் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று மறுநாள் தெரிந்துவிடும்.

காற்று பார்ப்பது குளிர்ந்த நிலையில், அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 0.1 பார் குறையும். வெதுவெதுப்பான பட்டறைக்குள் நிரப்பிய காற்று விடிகாலையில் குறைவாகக் காட்டுவது அதனால்தான். டிராக்கில் சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டவர்கள், டயர் ஆறியதும் ஸ்டிக்கர் அளவுக்கு மறுபடி நிரப்பிய பிறகே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மறந்துபோய் நெடுஞ்சாலையில் ஏறினால் காற்றுக் குறைந்த பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளேயே கிழியும்.

பஞ்சர் ஆனால், பட்டன் பகுதியில் 6 மி.மீ.க்குள் துளை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டலாம். தோள்பட்டையிலோ (பட்டன் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) பக்கச்சுவரிலோ என்றால் அந்த டயர் முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அதே மாடல், அதே குறி, அதே பாரக் குறியீடு என்று கேட்டு வாங்க வேண்டும். அப்போது முதல் நாள் எடுத்த அந்த நாலு போட்டோவும் ரசீதும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் ஒரே நிமிடத்தில் வேலை முடியும்.